தவளைக்குண்டு ஓட்டைப் போட்ட கதை

தவளைக்குண்டு என்று ஓர் ஊர். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தேழு வீடு, ஒரு டீக்கடை, ஒரு தையல் மிஷின், அவ்வளவுதான். அங்கே இருப்பவர்கள் தங்கமான மனுஷர்கள். பொய் சொல்லத் தெரியாது. அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படத் தெரியாது. யாராவது ஒன்றைச் சொன்னால், சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். சங்கடமெல்லாம் இந்தக் கடைசிக் குணத்தால் வந்ததுதான்.

ஒருமுறை ஊருக்கு வந்த நர்ஸம்மா சத்து மாத்திரை கொடுத்து, "காலையில வெறும் வயித்துல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஊர் ஆண்கள் எல்லாரும் ஆளுக்கு ஆறு இட்லி சாப்பிட்டு முடித்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வயிற்றைக் காற்றாட வைத்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினார்கள். மாத்திரை நன்றாக வேலை செய்தது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. இருபதடி அகலம். மற்ற நாளில் முழங்கால் தண்ணீர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடந்துவிடலாம். ஐப்பசி வந்துவிட்டால் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். போன ஐப்பசியில்தான் பெருமாயிக்குப் பேத்தி பிறந்தது.

பெருமாயி ஆடு வளர்க்கிறவள். ஒரே மகளை ஓடைக்கு அந்தப் பக்கம், மேலக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தாள். கூப்பிடு தூரம்தான். ஆனால் பேத்தி பிறந்து இருபத்திரண்டு நாள் ஓடை வடியவே இல்லை. மகள் அந்தக் கரையில் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். பெருமாயி இந்தக் கரையில் நின்று இரண்டு கையையும் நீட்டுவாள்.

"மூக்கு யாரு மாதிரிடி இருக்கு?" என்று கத்துவாள்.

"கேக்கலத்தா" என்று அங்கிருந்து பதில் வரும்.

இருபத்திரண்டு நாளும் இதே பேச்சுதான். தண்ணீர் வடிந்த அன்று பெருமாயி ஆட்டைக்கூட அவிழ்த்து விடாமல் ஓடினாள். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அழுத அழுகையில், இனி ஒரு ஐப்பசி இப்படிப் போகக் கூடாது என்று ஊரே முடிவு கட்டியது. பாலம் கேட்டு மனுப் போட்டார்கள். எழுதியவர் இருளப்பன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்து ஓய்வு பெற்றவர். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த பெரிய மனுஷர். எதைப் படித்தாலும் முற்றுப்புள்ளியையும் சேர்த்துப் படிப்பார்.

தை மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் மங்கையர்க்கரசி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கி நடந்து வந்தார். சடையாண்டி டீக்கடை முன்னால் ஊர் கூடியது.

"உங்க மனு வந்துச்சு" என்றார் அவர். "ஊருக்கு என்ன வளர்ச்சி வேணும்னு ஊரே முடிவு பண்ணணும். அதுக்கு ஒரு வளர்ச்சிக் குழு வேணும். குழுவுக்கு மூணு பேர் வேணும்."

இருளப்பன் முன்னால் வந்தார். "எனக்கே மூணு பேர் இருக்கும்மா. பள்ளிக்கூடத்துல இருளப்பன். எங்க ஆத்தா வச்ச பேரு சின்னான். சம்சாரம் கூப்பிடறது வேற பேரு, அத சபையில சொல்ல முடியாது."

"அந்தப் பேர் இல்லைங்கய்யா. மூணு ஆள். தனித்தனி ஆள்." அவர் பொறுமைசாலி. "யார் யாருக்கு விருப்பமோ அவங்க தேர்தல்ல நிக்கலாம். புதன்கிழமை காலையில ஒரு பெட்டி வச்சு, எல்லாரும் பெட்டியில ஓட்டைப் போடுங்க. யாரு போட்டதுன்னு வெளியே தெரியக் கூடாது. மத்தியானம் நானே வந்து எண்ணுறேன். அன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மூணு பேரையும் நான் எழுதியாகணும். இல்லேன்னா இந்த வருஷ வேலை வேற ஊருக்குப் போயிரும்."

கையோடு கொண்டுவந்த வாக்குச் சீட்டுக் கட்டை இருளப்பனிடம் கொடுத்தார். "இது பத்திரம். தேர்தல் வரைக்கும் யார் கையிலயும் கொடுத்துறாதீங்க."

"உசுரு போனாலும் கொடுக்க மாட்டேன்" என்றார் இருளப்பன். அவர் அதைச் சும்மா சொல்லவில்லை.

அலுவலரம்மா கிளம்பியதும் சடையாண்டி கேட்டான், "யாரு யாரு நிக்கிறீங்க?"

சடையாண்டியை ஊரில் புத்திசாலி என்பார்கள். அவன் மதுரைக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் திரும்பி வந்தவன். "நான் நிக்கிறேன்" என்று சொல்லி அவனே முதலில் நிமிர்ந்து நின்றான். பெருமாயி பேத்தியை நினைத்துக்கொண்டு நின்றாள். மரவேலை செய்கிற ஒச்சப்பன் நின்றான். தையல்கார சின்னக்காமு கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றான். மூன்று இடத்துக்கு நாலு பேர்.

அன்று திங்கட்கிழமை. தேர்தல் அடுத்த வாரம் புதன்கிழமை. பத்து நாள் நிற்க வேண்டும்.

சடையாண்டிக்கும் பெருமாயிக்கும் அது பெரிய கஷ்டமில்லை. டீ ஆற்றுகிறவனும் ஆடு மேய்க்கிறவளும் எப்போதுமே நின்றபடிதான் இருப்பார்கள். ஒச்சப்பன் பலகையில் உட்கார்ந்து இழைக்கிறவன். அவன் பலகையை மரத்தில் சாய்த்து நிறுத்தி, தானும் நின்றுகொண்டு இழைத்தான். தூக்கம் வந்தபோது பலகையோடு சேர்த்துத் தன்னையும் கயிற்றால் கட்டச் சொன்னான். பாவம் சின்னக்காமுதான். ஒரு காலில் நின்றுகொண்டு இன்னொரு காலால் மிஷினை மிதித்தான். அந்தப் பத்து நாளில் தைத்த சட்டைக்கெல்லாம் ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் இருந்தது. ஊர்க்காரர்கள் குறை சொல்லவில்லை. சட்டைக்கேற்ப ஒரு பக்கம் சாய்ந்து நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் சின்னக்காமு தூங்கிப்போய், வெட்டி வைத்த துணிக் குவியல் மேல் சரிந்தான். உடனே வழக்கு டீக்கடைக்கு வந்தது.

"தேர்தல்ல விழுந்தா தோத்தாச்சுன்னு அர்த்தம்" என்றான் ஒச்சப்பன், கட்டிய கயிற்றோடும் பலகையோடும் வந்து நின்று.

"நான் விழல மச்சான். சாய்ஞ்சேன்" என்றான் சின்னக்காமு.

"தலை தரையில பட்டுச்சா?" என்று இருளப்பன் விசாரித்தார்.

"துணியில பட்டுச்சு."

"யாரு துணி?"

"உங்க துணிதான் சித்தப்பு. தீபாவளிக்குக் கொடுத்தது."

இருளப்பன் வெகுநேரம் யோசித்தார். தரையில் விழுந்தால்தான் தோல்வி, வாக்காளரின் துணியில் விழுந்தால் அது வாக்காளரின் ஆதரவு என்று தீர்ப்புச் சொன்னார். சின்னக்காமு மறுபடியும் நின்றான்.

பிறகு வளர்ச்சி என்றால் என்ன என்ற கேள்வி வந்தது. குழுவே வளர்ச்சிக் குழு. அது தெரியாமல் எப்படி நிற்பது?

"வளர்றதுதான் வளர்ச்சி" என்றான் சடையாண்டி. "இன்னைக்கு ஊரு எம்புட்டு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே நாளைக்கு வளர்ந்துச்சா இல்லையான்னு சொல்ல முடியும்? மொதல்ல அளக்கணும்."

அளக்க ஊரில் ஒரே ஒருவனிடம்தான் டேப் இருந்தது. சின்னக்காமு காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கிளம்பினான். ஓடைக்கரையில் தொடங்கி கடைசி வீட்டுச் சுவர் வரை நீளம் எடுத்தான். கோவில் இருக்கும் இடம் குறுகலாக இருந்ததால் அதை இடுப்பு என்று எழுதினான். டீக்கடை முக்கைக் கழுத்து என்று எழுதினான். இரண்டு தெருவையும் கை என்று எழுதி, இடது கை கொஞ்சம் கட்டை என்று குறித்தான். சாயங்காலம் சபையில் நின்று வாக்குறுதி கொடுத்தான்.

"எனக்கு ஓட்டுப் போட்டா, ஊரைச் சுத்தி ரெண்டு அங்குலம் உள்ள மடிச்சு விடுவேன். பின்னால ஊரு வளர்ந்தா பிரிச்சு விட்டுக்கலாம். புது ஊரு வாங்க வேண்டியதில்ல."

கூட்டம் அசந்துவிட்டது. இவ்வளவு தூரம் யோசிக்கிற ஆள் அவன் ஒருவன்தான் என்று பேசிக்கொண்டார்கள். பெருமாயிக்கு மட்டும் முகம் வாடிவிட்டது.

"ஏப்பா, பாலத்தைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறீங்களே" என்றாள்.

"மதினி, பாலமும் அளவுலதான் வரும்" என்றான் சடையாண்டி. "ஊரு சட்டைன்னா பாலம் பொத்தான் மாதிரி. சட்டை முடிஞ்சப்புறம்தானே பொத்தான்."

பெருமாயிக்கு அது சரியாகத்தான் பட்டது. சரியாகப் பட்டதால் இன்னும் கவலையாகிவிட்டது.

புதன்கிழமை விடிந்தது. ஒச்சப்பன் பத்து நாளாக நின்றபடியே செய்த பெட்டியை டீக்கடை முன்னால் வைத்தான். வேம்பு மரம். நான்கு பக்கமும் கண்ணாடி மாதிரி இழைத்திருந்தான். மூடியில் ஒரு தாமரைப் பூவே செதுக்கியிருந்தான். ஒரு சின்ன விரிசல்கூடக் கிடையாது. ஊர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது.

"இதுலயா ஓட்டைப் போடணும்?" என்று ஒச்சப்பனே பெட்டியைத் தடவிக்கொண்டு கேட்டான்.

"அந்தம்மா சொன்னதை எல்லாரும்தானே கேட்டீங்க" என்றார் இருளப்பன். "பெட்டியில எல்லாரும் ஓட்டைப் போடுங்கன்னாங்க."

"ஒரு ஓட்டை போட்டாப் பத்தாதா? ஊருக்குப் பொதுவா?"

"எல்லாரும் போடணும்னு சொன்னாங்க. ஓட்டுரிமை இருக்கிறவங்க தொண்ணூத்தி நாலு பேரு. அப்ப தொண்ணூத்தி நாலு ஓட்டை."

ஒச்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் சட்டம் சட்டம்தான். ஆளுக்கொரு கருவியோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஆணி, கோணி ஊசி, கடப்பாரை, இட்லிப் பானைக்கு அடியில் கிண்டுகிற கம்பி என்று கையில் கிடைத்ததெல்லாம் வந்தது. யார் போட்டது என்று தெரியக் கூடாது என்பதால், ஒருவர் ஓட்டை போடும்போது மற்ற எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று விதி போட்டார்கள். போடுகிறவர் தானே பார்த்துவிட்டாலும் ரகசியம் போய்விடும் என்று சடையாண்டி சொன்னதால், போடுகிறவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

இதனால் வேலை கொஞ்சம் தாமதமானது. முதல் ஆள் டீக்கடைப் பெஞ்சில் ஓட்டை போட்டார். இரண்டாம் ஆள் இருளப்பனின் குடையில் போட்டார். மூன்றாம் ஆளின் கையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, மற்றவர்கள் விலகி நின்ற பிறகுதான் ஒழுங்காக நடந்தது.

ஏழு ஓட்டை விழுந்திருக்கும். பெருமாயியின் கிடா எங்கிருந்தோ வந்து, எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து, ஓடி வந்து பெட்டியில் ஒரு முட்டு முட்டியது. கொம்பு உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் கோலிக்குண்டு போகிற அளவுக்கு அழகான ஓட்டை.

"கள்ள ஓட்டு" என்றான் ஒச்சப்பன்.

"பெருமாயி ஆடு. அப்ப பெருமாயிக்குத்தான் விழுந்திருக்கும்" என்றான் சின்னக்காமு.

பெருமாயி நேர்மையானவள். "என் கிடா எனக்குப் போட்டிருக்காது" என்றாள். "நேத்து அதுக்குத் தழை போடல. கோவத்துல இருக்கு. சடையாண்டிக்குத்தான் போட்டிருக்கும்."

"எனக்கு ஆட்டோட ஓட்டு வேணாம் மதினி. நாளைக்கு வெற்றி வந்தா, ஆடு முட்டி ஜெயிச்சவன்னு பேரு வரும்."

ஆட்டு ஓட்டை அடைத்துவிடுவது என்று முடிவானது. ஒச்சப்பன் ஒரு மரத்துண்டைச் சீவி அடைத்தான். அடுத்து வந்தவர், கண்ணை மூடியிருந்ததால், அதே இடத்தில் ஓட்டை போட்டார். அந்த ஓட்டை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அவ்வளவு ரகசியமாக நடந்த தேர்தல் அது.

அறுபது ஓட்டைக்கு மேல் பெட்டியில் இடம் இல்லாமல் போனது. எழுபதாவது ஓட்டை போட்டபோது பக்கத்து இரண்டு ஓட்டையும் அதில் சேர்ந்துகொண்டன. எண்பதாவது ஆள் கடப்பாரைக்காரர். அவர் போட்டதில் மூடி விழுந்தது. அடிப்பலகையும் விழுந்தது. தொண்ணூற்று நாலாவதாக வந்தவள் சடையாண்டி மனைவி. கையில் ஆணியோடு பெட்டி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நாலு மூலைக் கட்டைதான் அகப்பட்டது.

"நான் எங்க போடறது? ஓட்டைக்குள்ளயே ஓட்டை போடலாமா?"

"போட்டுக்க" என்றார் இருளப்பன். "உன் உரிமை."

அவள் காற்றில் ஆணியை வைத்து ஓங்கி அடித்தாள். தேர்தல் முடிந்தது.

மத்தியானம் அலுவலரம்மா ஓடையைக் கடந்து வந்தார். ஊரே கைகட்டி நின்றது. நாலு கட்டையும் கொஞ்சம் மரத்தூளும் நடுவில் இருந்தன.

"பெட்டி எங்கே?"

"இதுதாம்மா பெட்டி" என்றார் இருளப்பன். "சொன்னபடி எல்லாரும் ஓட்டைப் போட்டாச்சு. நீங்க எண்ணிச் சிரமப்படக் கூடாதுன்னு நாங்களே எண்ணிப் பாத்துட்டோம். மொத்தம் ஒண்ணு."

"என்ன ஒண்ணு?"

"ஓட்டை. தொண்ணூத்தி நாலும் ஒண்ணாச் சேந்துருச்சு. ஒருத்தர்கூட மாத்திப் போடல. ஏகமனசு."

மங்கையர்க்கரசி அம்மா அந்த நாலு கட்டையையும் சுற்றி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். அதன் வழியே அந்தப் பக்கம் நின்ற கிடா தெரிந்தது. "நான் கொடுத்த சீட்டு?" என்று மெல்லக் கேட்டார்.

"பத்திரமா இருக்கும்மா." இருளப்பன் இடுப்பிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டினார். "நாலு பேரு வந்து கேட்டாங்க. கொடுக்கல. தேர்தல் முடியட்டும்னு சொல்லிட்டேன். இப்ப முடிஞ்சுருச்சு, கொடுக்கலாமா?"

அலுவலரம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். அதில் ஏற்கெனவே ஒரு வாக்கு பதிவாகியிருந்ததால் புடவை மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று.

"சரி. பெட்டி வேணாம். சீட்டு வேணாம். நான் பேரைச் சொல்லுவேன், கையைத் தூக்குங்க, போதும். மொதல்ல சடையாண்டி. சடையாண்டிக்குக் கையைத் தூக்குங்க."

முப்பது பேர் பாய்ந்து போய் சடையாண்டியின் கையைத் தூக்கினார்கள். வலது கை கிடைக்காதவர்கள் இடது கையைத் தூக்கினார்கள். கையே கிடைக்காதவர்கள் அவனையே தூக்கினார்கள். அவன் மேலே இருந்தபடி, "போதும்ப்பா, அக்குள் வலிக்குது" என்றான்.

"அவர் கையை இல்ல, அவங்கவங்க கையை" என்றார் அலுவலரம்மா.

அவனை இறக்கிவிட்டு அவரவர் கையைத் தூக்கினார்கள். எல்லாரும் தூக்கினார்கள். அடுத்து பெருமாயி பெயரைச் சொன்னார். யாரும் கையை இறக்கவில்லை. அம்மா கையைத் தூக்கத்தானே சொன்னார், இறக்கச் சொல்லவில்லையே. ஒச்சப்பன் பெயருக்கும் அப்படியே. சின்னக்காமு பெயருக்கும் அப்படியே. நாலு பேருக்கும் தொண்ணூற்று நாலு.

மணி நாலரை. பெருமாயி அலுவலரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "ஆத்தா, இந்த வருஷம் விட்டா பாலம் போயிருமா?" என்று கேட்டாள். "பேத்தி இப்பத்தான் என்னைப் பாத்துச் சிரிக்கக் கத்துக்கிட்டா. மழை வந்தா மறந்துருவா."

அலுவலரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பத்து நாளாக நின்று வீங்கிப்போன அவள் காலையும் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு இந்த நாலு பேரும் ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்பது புரிந்தது.

"ஏங்க, நீங்க நாலு பேரும் அன்னையிலருந்து நின்னுக்கிட்டேவா இருக்கீங்க?"

"நிக்கச் சொன்னீங்களேம்மா" என்றான் சின்னக்காமு.

"கடவுளே. உக்காருங்கய்யா. யாராவது ஒருத்தர் உக்காந்தாப் போதும், மத்த மூணு பேரும் குழு."

அவர் 'உக்காருங்கய்யா' என்றபோதே நாலு பேரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி ஒரு சத்தத்தோடு யாரும் உட்கார்ந்து அந்த ஊர் கேட்டதில்லை. ஒச்சப்பன் பலகையோடு உட்கார்ந்தான். சின்னக்காமு காலை நீட்டினான், ஒருமுறை விசும்பினான், அப்படியே தூங்கிவிட்டான்.

"இப்ப யாருமே நிக்கலையே" என்றார் இருளப்பன், கவலையோடு.

மணி ஐந்துக்கு ஐந்து நிமிஷம். அலுவலரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெருமாயி ஒச்சப்பன் தோளைப் பிடித்து எழுந்தாள். தோளைப் பிடித்ததில் ஒச்சப்பனும் எழ வேண்டியதாயிற்று. அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்ததால் சடையாண்டி எழுந்து ஓடினான். சின்னக்காமுவை எழுப்பிப் பார்த்தார்கள். "ரெண்டு அங்குலம் உள்ள மடி" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். மூன்று பேரையும் அவர் எழுதி முடித்தபோது கடிகாரத்தில் சரியாக மணி ஐந்து.

"இப்பவே தீர்மானமும் எழுதிருவோம்" என்றார் அவர். அந்த ஊரை ஓர் இரவு தனியாக விட்டு வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "ஓடையில பாலம். எந்தப் பக்கமா?"

சடையாண்டி தொண்டையைக் கனைத்தான். "குறுக்க போட்டா இருபதடிதான் வரும். அதையே ஓடையோட நீளத்துக்குப் போட்டா நாலு மைல் பாலம் கிடைக்கும். ஊருக்கு எது வளர்ச்சி?"

ஒச்சப்பனுக்கு நாலு மைல்தான் நியாயமாகப் பட்டது. இரண்டு பேர் ஒரு பக்கம்.

"நாலு மைலுக்கு அந்தக் கோடியில என் பேத்தி இல்லையே சடையா" என்றாள் பெருமாயி. "இருபதடியிலதானே இருக்கா."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் முட்டாள்கள்தான், ஆனால் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவர்கள் வேறு ஏதாவது யோசிப்பதற்குள் அலுவலரம்மா 'குறுக்கே' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டார்.

ஆவணிக் கடைசியில் பாலம் முடிந்தது. நல்ல கான்கிரீட் பாலம். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். மேஸ்திரிகள் சாமானைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. இருளப்பன் படித்தார்.

"வரும் திங்கட்கிழமை அலுவலர் வந்து பாலத்தைத் திறந்து வைப்பார் முற்றுப்புள்ளி. அதற்கான ஏற்பாடுகளைக் குழு செய்ய வேண்டும் முற்றுப்புள்ளி."

குழு பாலத்தைப் பார்க்கப் போனது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார்கள். பெருமாயி குனிந்து அடியிலும் பார்த்தாள்.

"திறந்துதானே கிடக்கு" என்றாள்.

"அதான் தப்பு" என்றான் சடையாண்டி. "அந்தம்மா அம்புட்டு தூரம் வந்து திறக்கணும்னு நிப்பாங்க. திறக்க ஒண்ணுமில்லேன்னா மனசு என்ன பாடுபடும்? மூடியிருந்தாத்தானே திறக்க முடியும்."

ஒச்சப்பனுக்குப் பெட்டி போன துக்கம் இன்னும் ஆறவில்லை. இந்த முறை தன் கைவேலையை யாரும் குத்திக் கிழிக்கப் போவதில்லை என்ற சந்தோஷத்தில் ராப்பகலாக உழைத்தான். பாலத்துக்கு நடுவில் சுவரோடு சுவராக நிலை நிறுத்தி, ஆளுயரக் கதவு மாட்டினான். அலுவலரம்மா தார் ரோட்டுப் பக்கமிருந்து வருவார் என்பதால், அவருக்கு வசதியாகப் பூட்டை அந்தப் பக்கம் போட்டான். சாவி இல்லாமலே, அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பூட்டு. பூட்டிவிட்டு, ஓடையில் இறங்கி, நனைந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

குழு தன் இரண்டாவது தீர்மானத்தை நிறைவேற்றியது. சாவி எந்நேரமும் ஊருக்குள்தான் இருக்க வேண்டும். கதவின் ஊர்ப்பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினார்கள்.

திங்கட்கிழமை அலுவலரம்மா பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். பாலத்தின் நடுவே கதவு. கதவுக்குப் பின்னாலிருந்து மேளச் சத்தம். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றார் இருளப்பன் உள்ளேயிருந்து.

"நான்தான். மங்கையர்க்கரசி."

"வாங்கம்மா. சாவி கீழ வருது."

கதவின் அடிச்சந்து வழியாகச் சாவி வந்தது. அவர் குனிந்து எடுத்துப் பூட்டைத் திறந்தார். கதவு திறந்ததும் மாலை விழுந்தது. பெருமாயி மட்டும் மாலைக்கு நிற்கவில்லை. கதவு அரையடி திறந்தபோதே அவருடைய கைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் ஓடிவிட்டாள். மேலக்கரை வாசலில் மகளிடமிருந்து பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கால் நனையாமல் வந்ததைக் காட்டப் பாதத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். பேத்தி அந்தப் பாதத்தைப் பிடிக்கப் பார்த்தது.

அதைப் பார்த்ததும் ஊருக்கே ஆசை வந்துவிட்டது. தொண்ணூற்று நாலு பேரும், அவர்கள் பிள்ளைகளும், மேளக்காரரும், கிடாவும் பாலத்தில் நடந்து மேலக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அலுவலரம்மாவும் கூட்டத்தோடு திரும்பி வந்தார். சாவியை இருளப்பனிடம் கொடுத்திருந்தார். இருளப்பன் தீர்மானப்படி அதை ஊர்ப்பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, கடைசி ஆளாக வந்து, ஊரில் யாருமில்லையே, திருடன் வந்தால் என்ன செய்வது என்று நினைத்து, கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை அமுக்கினார்.

டிக் என்ற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"சாவி?" என்றான் சடையாண்டி.

"பத்திரமா ஊருக்குள்ள இருக்கு" என்றார் இருளப்பன்.

எல்லாரும் கரையில் உட்கார்ந்து யோசித்தார்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"நான் தண்ணியில இறங்கிப் போய் எடுத்துட்டு வரட்டுமா?"

சடையாண்டி அவனை வருத்தத்தோடு பார்த்தான். "பாலம் கட்டிக் கொடுத்தவங்க பக்கத்துலயே நிக்கிறாங்க. அவங்க கண்ணு முன்னால தண்ணியில இறங்கினா என்னப்பா நினைப்பாங்க? பாலம் புடிக்கலன்னுதானே?"

அது மரியாதையில்லை என்று எல்லாருக்கும் பட்டது. அலுவலரம்மா ஏதோ சொல்ல வந்தார். அந்த நேரம் பஸ் வந்து நின்றது. அவர் அவர்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மேற்கே அணைக்கட்டைச் சுற்றி ஊருக்கு ஒரு மண்பாதை உண்டு, ஐப்பசியில் அதுவும் முழுகிவிடும். ஆறு மைல். பெருமாயி தனக்கு அவசரமில்லை என்று பேத்தியோடு மேலக்கரையிலேயே தங்கிவிட்டாள். மற்றவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெயிலில், வரிசையாக நடந்தார்கள். முள்ளும் கல்லுமான பாதை. மேளக்காரர் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். பாதி தூரம் போனதும் சின்னக்காமு நின்று, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டான்.

"மச்சான், நினைச்சாலே பயமா இருக்கு" என்றான். "பாலம் மட்டும் வராம இருந்திருந்தா, இம்புட்டுத் தூரத்தையும் நாம தினமும் நடக்க வேண்டியிருந்திருக்கும்."